சிப்பி தேடும் சுத்தியல்

கேள்வி: அரியலூர் கல்லில் சிப்பி கிடைக்கிறதே, கச்சிராயபாளையம் பக்கம் கல்வராயன்மலைக் கல்லை உடைத்தாலும் கிடைக்குமா?

பதில்: கை வலிதான் கிடைக்கும். அரியலூர் சுண்ணாம்புக்கல் படிவுப் பாறை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். சேறும் சிப்பியும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகின. கல்வராயன்மலையில் பெரும்பகுதி சார்னோக்கைட். பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில் உருவானது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. அப்போது உலகில் சிப்பி என்ற உயிரே கிடையாது! புதிதாக உடைத்த முகத்தில் படிவு அடுக்கு தெரியாது. எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கருஞ்சாம்பல் படிகங்கள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும்.

கேள்வி: அப்படியானால் அது தீப்பாறைதானே?

பதில்: கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையைக் கேட்க வேண்டும். அந்தக் கல்லறைக் கல்லும் சார்னோக்கைட்தான்; சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்து 1893-ல் சார்னோக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டிய நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், தீப்பாறை என்றார். பின்னால் வந்தவர்களில் பலர், கடும் சூட்டில் உருமாறிய பாறை என்கிறார்கள். பிறப்பு தீயில், வளர்ப்பு உருமாற்றத்தில் என்று சமரசம் பேசுவோரும் உண்டு. வழக்கில்லாத தீப்பாறை வேண்டுவோர் திருவண்ணாமலைப் பக்கம் போகலாம்: பழைய பாறையைப் பிளந்து ஏறிய டோலரைட் அங்கே சுவர்போல நீண்டு கிடக்கிறது.