ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லாது

அமெரிக்காவின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் 1938இல் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு அதைவிடக் குறைவாகத் தரவும் வழி செய்தது. நோக்கம் உன்னதமானது: வேலைவாய்ப்பு சுருங்கிவிடக் கூடாது, ஆகவே கூலி சுருங்கலாம்.

முறையும் அறிவியல்பூர்வமானது. ஒரு பட்டறையில் குறைபாடு இல்லாத, அனுபவமுள்ள ஒருவர் மணிக்கு 100 பொட்டலம் கட்டுகிறார். அறிவுசார் குறைபாடுள்ளவர் 30 கட்டுகிறார் என்றால், அவருக்கு அந்த வட்டாரத்து வழக்கமான கூலியில் 30 சதவீதம். ஒப்பிடப்படுபவர் காலையில் ஒரு காப்பி கூடுதலாகக் குடித்துவிட்டால் இவர் கூலி இன்னும் துல்லியமாகிவிடும். கூலிக்கு ஒரு கீழ்வரம்பு இருப்பது கணிதத்தின் தூய்மைக்கு இழுக்கு என்பதாலோ என்னவோ, 1986இல் அதையும் நீக்கினார்கள். மணிக்கூலி பெறுபவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபடி அளக்க வேண்டும். பட்டறை மேலாளரை அளக்க ஏற்பாடு இல்லை. பாவம், அவர் முழுச் சம்பளத்திலேயே காலம் தள்ளுகிறார்.

இத்தனை நேர்த்தியான முறையைப் பட்டறைக்குள் பூட்டிவைப்பது அநீதி. கூட்டத்தில் கண்ணயரும் நிறுவன இயக்குநருக்கு விழித்திருந்த நிமிடங்களுக்கு மட்டும் படி தரலாம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களையும் விட்டுவிடக் கூடாது. அவர்கள் நிர்ணயிக்கும், மணிக்கு 7.25 டாலர் என்ற கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் அசையவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியதை ஸ்டாப்வாட்ச் இல்லாமலே கணக்கிடலாம்.

அருமை தெரியாத நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2015இல் இந்தக் குறைகூலியைத் தடை செய்தது. கூட்டாட்சித் தொழிலாளர் துறையும் 2024 டிசம்பரில் இதைப் படிப்படியாக நிறுத்த முன்மொழிந்தது. 2025 ஜூலையில் அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.