வட்டமா, விளக்கா: பாகான் செராய்ச் சந்திகள் குறித்த பரபக்கமும் சுபக்கமும்

சந்தியில் சாலை வட்டம் நல்லதா, சமிக்ஞை விளக்கு நல்லதா? பாகான் செராய் ஒட்டுக்கடையில் ஒரு தே தாரேக் ஆறுவதற்குள் தீர்த்துவிடலாம் என்று தோன்றும் கேள்விதான். தீராது. கேட்பவர் எந்தச் சாலையிலிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும். ஆகவே இவ்வாய்வு வட்டவாதிகளையும் விளக்குவாதிகளையும் சித்தாந்த நூல்களின் முறைப்படி எதிரெதிரே நிறுத்துகிறது: முதலில் பிறர் கொள்கையை ஆராயும் பரபக்கம், பிறகு தன் முடிவை நிறுவும் சுபக்கம்.

ஆய்வுக்களம் கிரியான் மாவட்டம். 1906-ல் முடிந்த நீர்ப்பாசனத் திட்டம் இங்கே நிலத்தை அளந்து வைத்தது போல் ஆக்கிவிட்டது. தாலி ஆயர் எனும் பாசனக் கால்வாய் நேராக ஓடுகிறது. பக்கத்திலேயே சாலையும் நேராக ஓடுகிறது. முதலாம் எண் கூட்டரசுச் சாலை டவுனுக்குள் புகுந்து, ஒரு பக்கம் தைப்பிங்கிற்கும் மறுபக்கம் பாரிட் புந்தாருக்கும் போகிறது. 1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதும், கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போகிறவர்கள் இவ்வூரை மறந்தார்கள். வேலை இருப்பவர் மட்டும் அலோர் பொங்சுவில் இறங்குகிறார். டவுனுக்கு மிஞ்சியது உள்ளூர்ப் போக்குவரத்து: கப்சாய் மோட்டார் சைக்கிள், பள்ளி பஸ், நெல் லாரி, செம்பனைக் குலை லாரி.

விளக்குவாதிகளின் சிந்தனைப் பள்ளி தொன்மையானது. 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே முதல் விளக்கை நட்டார்கள். அது எரிவாயு விளக்கு. அடுத்த மாதமே வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரரைக் காயப்படுத்தியது. ஆதி நூலே தீப்பிடித்த பிறகும் அப்பள்ளி தளரவில்லை. 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மின்சாரத்தோடு திரும்பி வந்தது.

வட்டப் பள்ளிக்கோ நீண்ட காலம் ஒரு விதி இல்லாத குறை இருந்தது. உள்ளே சுற்றுபவருக்கு முதலிடமா, நுழைபவருக்கா என்பது தெளிவாகாததால், கூட்டம் கூடினால் வட்டம் பூட்டிக்கொள்ளும். ஒருவரும் வெளியேற முடியாது. 1966-ல்தான் பிரிட்டன், வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி விடு என்று விதித்தது. இடப்பக்கம் ஓட்டும் மலேசியாவும் அதே விதியில்தான் சுற்றுகிறது.

எண்களைக் கேட்டால் வட்டவாதி முகம் மலர்ந்துவிடும். சாதாரண நாற்சந்தியில் வண்டிகள் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றைத்தட வட்டத்தில் 8. அமெரிக்காவில் சந்திகளை வட்டங்களாக மாற்றிய இடங்களில் காயம்படும் விபத்துகள் முக்கால் பங்கு வரை குறைந்ததாக ஆய்வு உண்டு. அங்கே மோதினாலும் மெதுவாக, பக்கவாட்டில்தான் மோதுவார்கள். விளக்குச் சந்தியில் மஞ்சளைப் பார்த்ததும் முடுக்குகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் அந்தக் கணக்கில் கப்சாய் இல்லை. மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள். பெல்ஜியத்தில் வட்டங்கள் வந்த பிறகு சைக்கிள்காரர்களுக்கு விபத்து கூடியதாகவே தெரிந்தது. காரோட்டி வலப்பக்கம் பெரிய வண்டி வருகிறதா என்று பார்க்கிறார். கண்ணாடி ஓரத்தில் நழுவும் சின்ன வண்டி அவர் கணக்கில் வருவதில்லை. விளக்கில் அதே கப்சாய் கார்களுக்கு இடையே நெளிந்து முன்வரிசைக்கு வந்து, மீதி நொடிகள் மூன்று என்று பலகை காட்டும்போதே கிளம்பிவிடுகிறது. இரண்டு பள்ளிகளுக்கும் இதற்குப் பதில் இல்லை.

வட்டத்தின் பெரிய பலவீனம் வேறு. நான்கு சாலைகளும் ஏறக்குறைய சமமாக வண்டி அனுப்பினால்தான் அதன் நீதி செல்லும். நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்பும் கார்கள் கூட்டரசுச் சாலையில் வரிசைகட்டினால், கம்பத்துச் சாலையிலிருந்து வருகிறவர் வலப்பக்கம் பார்த்தபடியே நிற்க வேண்டியதுதான். விளக்குக்குத் தாட்சண்யம் இல்லை. பிரதான சாலையையும் நிறுத்தி அவருக்கு முப்பது நொடி கொடுக்கும். சென்னை ஜெமினி ரவுண்டானாவும் கூட்டத்தைத் தாங்காமல்தான் 1973-ல் அண்ணா மேம்பாலத்துக்கு வழிவிட்டது. புத்ராஜெயாவில் சுற்றளவு சுமார் மூன்றரை கிலோமீட்டர் உள்ள வட்டம் ஒன்று உண்டு. அதற்குள் பாகான் செராய் கடை வரிசைகளை அப்படியே இறக்கிவிடலாம் போலிருக்கிறது. அதை இங்கே யாரும் முன்மொழியவில்லை.

மூன்றாவது பள்ளி ஒன்றும் இருந்தது: ரயில்வே கேட். அது யாரிடமும் விவாதிக்காது. விழும், பிறகு எழும். ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையிலான மின்சார இரட்டைத் தண்டவாளம் 2014-ல் முடிந்தபோது கேட்டுகளின் இடத்தை மேம்பாலங்கள் பிடித்துக்கொண்டன. மணிக்கு 140 கிலோமீட்டர் ஓடும் ரயிலுக்கு முன்னால் கேட் வைப்பது தத்துவத்துக்கே ஒவ்வாது.

இனி சுபக்கம். டவுனுக்குள் கடைத்தெருக்கள் கூடும் இடங்களில் சிறு வட்டம் போதும். அங்கே வண்டிகளும் சமம், ஓட்டுகிறவர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியும், முறைத்தால் மறுநாள் சந்தையில் பதில் சொல்ல வேண்டிவரும். கூட்டரசுச் சாலையோடு கிளைச் சாலை சேருமிடத்தில், அதுவும் பள்ளி விடும் நேரத்தில், விளக்குதான். ஆளில்லாத நள்ளிரவில் அதே விளக்கு ஒரே ஒரு காரை நிறுத்திவைத்து எதிரே யாரையும் அனுப்பாமல் சிவந்து நிற்பது அறிவுக்குப் பொருந்தாது. அப்போது மஞ்சளில் மினுக்கவிடலாம்.

ஆய்வின் வரம்பு ஒன்று. நெல் அறுவடை இயந்திரம் லாரியில் ஏறி வரும் நாட்களில் இம்முடிவுகள் செல்லாது. அது இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு வரும். வட்டம், விளக்கு எதுவானாலும் எல்லோரும் ஓரம் கட்டித்தான் ஆக வேண்டும்.