பெட்டிக்கு ஜாமீன் எழுதுகிறவனின் விண்ணப்பம்

சுங்க வாரியத்துப் பெரியவர்களுக்கு,

கண்டெய்னருக்கான சுங்க விதிகளைத் தளர்த்துங்கள் என்று யாராவது மனுவோடு வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

நான் சென்னைத் துறைமுகத்தை நம்பி வாழும் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தா. உங்களுடைய 1994-ஆம் வருஷத்து 104-ஆம் அறிவிக்கைதான் எனக்குச் சோறு போடுகிறது. சரக்கு மட்டுமல்ல, சரக்கு வந்த பெட்டியும் இறக்குமதிதான் என்று கண்டுபிடித்த புண்ணியவானைத் தினமும் கும்பிடுகிறேன். பெட்டி 6 மாதத்துக்குள் திரும்பிவிடும் என்று பாண்டு எழுதித் தரவேண்டும், திரும்பியதற்கு அத்தாட்சியும் காட்டவேண்டும், தவறினால் வரி. கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஜன்னல் வெட்டி ஏசி மாட்டிய கண்டெய்னரைப் பார்த்தால்கூட, இதன் பாண்டு கான்சல் ஆச்சா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

1972-ல் கண்டெய்னர் சுங்க ஒப்பந்தத்துக்காக ஜெனீவாவில் கூடியவர்கள், பெட்டி தற்காலிகமாக உள்ளே வரச் சுங்கக் காகிதமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம் என்று எழுதிவைத்தார்கள். அப்படி முடியாத நாடுகளுக்கு ஒரு பின்வாசலும் விட்டார்கள், நல்லவேளை. அவர்கள் சொன்ன கெடு 3 மாதம். நாம் கொடுப்பது 6. தாராள மனசு நமக்கு, காகிதம்தான் கொஞ்சம் கூட.

பெட்டியின் நெற்றியில் 4 எழுத்தும் 7 எண்ணும் இருக்கும். வந்த பட்டியலையும் போன பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி ஒத்துப்பார்ப்பேன். எங்காவது ஒரு 3, 8 ஆகிவிட்டால் போதும்: திருப்பூர் பனியனை ஏற்றிக்கொண்டு எப்போதோ ஐரோப்பா போய்ச் சேர்ந்த பெட்டி, காகிதத்தில் இன்னும் சென்னையிலேயே உட்கார்ந்திருக்கும். இல்லாத அந்தப் பெட்டிக்கு நான் கெடு நீட்டிப்பு மனு எழுதுவேன். அந்த ஏழாவது எண்ணே, முன்னால் உள்ள பத்தில் தப்பு வந்தால் கணக்குப் போட்டுக் காட்டிக்கொடுக்கத்தான் இருக்கிறது, கம்ப்யூட்டர் ஒரு நொடியில் பிடித்துவிடும் என்கிறான் என் மருமகன். வாயை மூடு, உன் மாமியார் காதில் விழுந்தால் எனக்கு மதியானச் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். 2015-ல் பறிமுதலான அம்மோனியம் நைட்ரேட், கிட்டத்தட்ட 700 டன், மணலியில் 37 கண்டெய்னர்களில் ஐந்து வருஷம் அசையாமல் கிடந்தது. 2020 ஆகஸ்டில் அதே வகைச் சரக்கு பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்த பிறகுதான் ஹைதராபாத்துக்கு வண்டி ஏறியது. தகுந்த காரணம் காட்டினால் கெடுவை நீட்டிக்கலாம் என்று அறிவிக்கையில் இடமிருக்கிறது. அந்த 37 பெட்டிக்கும் ஐந்து வருஷத்துக்கு யாராவது காரணம் எழுதிக் கொடுத்திருந்தால், எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மழை, லாரி ஸ்டிரைக், எண்ணூர் ரோட்டில் டிராபிக் என்று எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போச்சு.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள குமாஸ்தா