கலா, பர்மாக்காரன், வடக்கன்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் என்று சொல்லிப் படிவம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பழைய பட்டியலில் நான் எங்கே இருக்கிறேன், பாகம் எத்தனை, வரிசை எத்தனை என்று நிரப்ப வேண்டும். கட்டிலுக்கு அடியில் கிடந்த அப்பாவின் டிரங்குப் பெட்டியை இழுத்தேன். பட்டியல் இல்லை; அப்பாவின் பர்மா பதிவுச் சீட்டு இருந்தது. ரங்கூனில் பிறந்து, அங்கேயே கடை வைத்து, அங்கேயே எங்களைப் பெற்ற மனிதர் ஒரு வெளிநாட்டார் என்று அந்த அரசாங்கம் போட்டோ ஒட்டிக் கொடுத்த அத்தாட்சி. காகிதத்தைக் கரப்பான் அரித்திருந்தது. முத்திரை மட்டும் நேற்றுக் குத்தியதுபோல் நீலமாக இருந்தது.

அங்கே எங்களுக்குப் பெயர் 'கலா'. மூட்டை தூக்கியவனுக்கும் வட்டிக்கு விட்டவனுக்கும் ஒரே பெயர். பர்மியர் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். முப்பதுகள் முடிவதற்குள் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் கால்வாசி செட்டியார்கள் கைக்குப் போய்விட்டது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பர்மியரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். சமரசம் ஆனதும், 'நீங்க போகலாம்' என்று அவர்களை அனுப்பிவிட்டுப் பழைய ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் நடந்த வெட்டுக்குத்தில் கூலிக்காரர்கள் செத்தார்கள். கப்பல் கம்பெனிகள் பத்திரமாக இருந்தன.

1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சிக்கு வந்தார். 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். அப்பா மளிகைக்கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டார். அந்த ரசீதும் பெட்டியில் இருக்கிறது. 'இதுக்கு ஏதாவது தேறுமா?' என்று என் மகன் கேட்டான். இந்தியாவுக்குக் கப்பலேறும் இடத்தில் நடந்த சோதனையில் அம்மாவின் மூக்குத்தி போயிற்று. எனக்கு அப்போது ஏழு வயது. மூக்கில் வெறும் துளையோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே வந்ததுதான் அந்தப் பயணத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது. பிற்பாடு, 1982-ல், அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். 1823-க்கு முன்பே வேர் பிடித்த இனத்தார்தான் பிறவிக் குடிமக்கள் என்றது அது. எங்கள் தாத்தா போனது 1910 வாக்கில். எண்பத்தேழு வருஷம் லேட்.

மெட்ராஸ் துறைமுகத்துக்கும் பர்மாவுக்கும் ராசி கிடையாது. 1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி ஜெர்மானிய எம்டன் கப்பல் குண்டு போட்டு எரித்ததுகூட பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைத்தான். அதே துறைமுகத்தில்தான் நாங்களும் வந்து இறங்கினோம். தமிழ்நாட்டுக்கு இப்படி வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. தாய்நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று அப்பா தரையைத் தொட்டுக் கும்பிட்டார். தாய்நாடு எங்களை 'பர்மாக்காரன்' என்றது. திருவொற்றியூரில் பிடித்த குடிசைக்கு ஊர்க்காரனிடம் ஐந்து ரூபாய் வாங்கிய வீட்டுக்காரர் எங்களிடம் எட்டு கேட்டார். 'பர்மாக்காரனுங்க கும்பலா இருப்பீங்க, தண்ணி ஜாஸ்தி செலவாவும்' என்பது அவர் கணக்கு. அம்மா அவருக்கு எம்டன் என்று பெயர் வைத்தாள். வேலைக்குப் போன இடத்தில், இவனுங்க வந்து கூலியைக் கெடுத்துட்டானுங்க என்றார்கள். கெடுத்தது உண்மைதான். பசித்தவன் பேரம் பேசமாட்டான்.

நாங்கள் சடையங்குப்பத்துக்கு வந்து, தெருவுக்கே பர்மா நகர் என்று பெயர் விழுந்து, கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம் பேப்பரில் அந்தப் பெயர் வந்து, கடைசியில் நாங்களே ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோம். பீச் ஸ்டேஷன் எதிரே விற்கும் எங்கள் பர்மா நூடுல்ஸ் அத்தோவை இப்போது 'வடசென்னை ஸ்பெஷல்' என்று வீடியோ எடுக்கிறார்கள். பூண்டு எண்ணெயும் புளித்தண்ணீரும் விட்டு அதைக் கையால் பிசைகிற பையன் ஒடிசாக்காரன்.

ஆகையால் இப்போது கவலைப்படுவது எங்கள் முறை. டீக்கடையில் நானும்தான் பேசுகிறேன். 'வடக்கன் வந்து கூலியைக் கெடுத்துட்டான். ஒரு ரூம்ல பத்துப் பேரு. ஓட்டும் வாங்கிட்டான்னா ஊரே அவன் கையில.' மணலி ரிஃபைனரியே 1965-ல் இந்திய அரசோடு அமெரிக்கக் கம்பெனியும் ஈரான் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது என்று ஒருவர் சொன்னார். அது முதலீடு, இது படையெடுப்பு என்று அடக்கிவிட்டோம். எண்ணூரில் கட்டிக்கொண்டிருந்த அனல்மின் நிலையத்தில் 2025 செப்டம்பர் 30-ம் தேதி இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அசாம்காரர்கள். அன்றைக்கு மட்டும், 'அந்த வேலையை ஏன் நம்ம பசங்களுக்குக் கொடுக்கல?' என்று கடையில் ஒருத்தரும் கேட்கவில்லை.

படிவத்துக்கு வருகிறேன். பழைய பட்டியலை செல்போனில் தேடி எடுத்துக் கொடுத்தது என் மாடியில் குடியிருக்கும் பீகார்ப் பையன். அவர்கள் ஊரில் இதே திருத்தம் சில மாதம் முன்னாலேயே முடிந்திருந்ததால் அவனுக்கு எல்லாம் அத்துப்படி. தமிழ் படிக்கத் தெரியாது. அவன் விரலால் தள்ளத் தள்ள, நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெயர்களை வாசித்தேன். அரைமணி நேரத்தில் நான் அகப்பட்டேன். அப்பா பெயருக்கு முன்னால் 'கணவர்' என்று அச்சாகியிருந்தது. விஷயத்தைக் கையைக் காட்டி விளக்கியதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். 'அங்கிள், இதுகூட பரவால்ல, ஓகே ஆவும்' என்றான்.

மாடியில் இரண்டு அறை, ஆறு பேர். தலைக்கு 1,500 வாங்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஜாஸ்தி செலவாகிறது. பையன்கள் தங்களுக்குள் எனக்கு ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். நான் படியேறினால் அதைச் சொல்லிக் கமுக்கமாகச் சிரிக்கிறார்கள். இந்தி தெரியாததால் அர்த்தம் பிடிபடவில்லை. ஜனவரியிலிருந்து 1,700.