யாருடைய ‘இப்போது’ சரி?

கேள்வி: திருச்சி ஜங்ஷனிலும் புதுக்கோட்டை ஸ்டேஷனிலும் மிகச் சரியாக ஒரே நொடியில் இரண்டு விளக்குகள் எரிகின்றன. ஓடும் ரயிலில் இருப்பவருக்கும் அது ஒரே நொடிதானே?
– வாசகர், ஆலங்குடி

பதில்: இல்லை! 1905-இல் ஐன்ஸ்டைன் தந்த சிறப்புச் சார்பியலின் உயிர்நாடியே இந்த ‘இல்லை’தான். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை நோக்கி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்குப் புதுக்கோட்டை விளக்கே முதலில் எரியும். ஒளி வந்துசேரும் நேரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டாலும் அப்படித்தான். யார் எப்படி ஓடினாலும் ஒளியின் வேகம் மாறாது. ஆகவே ‘ஒரே நேரம்’ ஆளுக்கு ஆள் மாறியாக வேண்டும்.

எவ்வளவு மாறும்? தூரத்தை ரயிலின் வேகத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 50 கி.மீ. என்றால், ஒரு நொடியை லட்சம் கோடி பங்காக்கி அதில் சுமார் 15 பங்கு. ரயில்வே கால அட்டவணைக்கு ஆபத்தில்லை!

தூரம் கூடினால்தான் விளையாட்டு. ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒருவர் அந்தத் திசை பார்த்து மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் போதும். அங்கே ‘இப்போது’ நடப்பது எது என்பதில் அவருக்கும், நின்றுகொண்டிருக்கும் நண்பருக்கும் சுமார் நான்கு நாள் வித்தியாசம். இருவர் கணக்கும் சரியே.

ஆனால் காரணம் முந்தி, விளைவு பிந்தி என்ற வரிசை மட்டும் யாருக்கும் புரளாது. ஏறுவதற்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்த பயணியை எந்த ரயிலிலிருந்தும் பார்க்க முடியாது.