ஏணி ஏறியவர்கள் குறித்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தாராவி மறுமேம்பாட்டுத் திட்ட ஆணையம், மும்பை.
பொருள்: மேலே இருப்பவரைக் கீழே இறக்கிய பொருளியல் கண்டுபிடிப்புக்குப் பாராட்டு.

உழைப்பவர் ஏணியேறுவார் என்று பள்ளிக்கூடங்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவந்த நாட்டில், ஏணியின் எந்த முனையில் ஒருவர் படுத்துறங்குகிறார் என்பதைக் கொண்டே அவருடைய பிழைப்பை அளந்து காட்டிய பெருமை மாண்புமிகு ஆணையத்தையே சாரும். விதிப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் 2011 வரை வந்தோருக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாளாவாசிகளுக்கோ, 2022 நவம்பர் 15-க்கு முன்பே குடியேறியிருந்தால், வாடகை கட்டிக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு, அதுவும் வெளியேதான். மாளா என்பது தரைவீட்டின் தலைமேல் எழுப்பி, சந்திலிருந்தே செங்குத்தாக இரும்பேணி சாய்த்த மேலறை. பகலில் தையல் எந்திரம் ஓடும் அதே தரையில் இரவில் ஆட்கள் படுப்பதால், அது பட்டறையா வீடா என்ற ஐயம், கணக்கெடுப்பாளர் வரும்வரை, அங்கே யாருக்கும் எழுந்ததில்லை. தகுதிபெற்ற பட்டறைக்கு 225 சதுர அடிவரை இலவசம் என்பதால் முதலாளி தாராவியிலேயே தங்குவார். அவரிடம் பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக் கணக்கில் கூலிக்குத் தைப்பவர், வெளியே வீடு ஒதுக்கப்படக்கூடிய முலுண்ட் உப்பளத்திலிருந்தோ தியோனார் குப்பைமேட்டிலிருந்தோ ரயிலேறி வந்து தைக்கலாம்.

இந்தக் கொள்கையின் நுட்பம் இட்லியில்தான் முழுதாக விளங்குகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பம் தரைவீட்டில் விடியுமுன் இட்லி அவிக்க, மாளாவில் உறங்கிய இளைஞர் ஏணியிறங்கி, துணிபோட்டு மூடிய அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டே மாட்டுங்கா பக்கம் போகிறார். ஒரே இட்லியில் அவிப்பவர் உள்ளூராராகவும் விற்பவர் வெளியூராராகவும் இனி ஆகக்கூடும்.

காலக்கெடுவில் ஆணையம் காட்டும் கண்டிப்பையும் போற்றத்தான் வேண்டும். அந்த நவம்பர் 15-க்கும் இரண்டு வாரம் பிந்தி, 29-ஆம் தேதி ஏலம் திறக்கப்பட்டபோது, 5,069 கோடி ரூபாய்க் கேள்வியோடு வந்த அதானி குழுமத்துக்குத் திட்ட நிறுவனத்தில் 80 விழுக்காடு பங்கு. மீதி 20 மாநில அரசுக்கு. பிந்தி வந்தவர் தரைத்தளத்தில் வந்தாரா, ஏணி வழியே வந்தாரா என்று மட்டும் ஆவணங்களில் குறிப்பில்லை.

எஞ்சியது ஒரு சிறு விளக்கமே: தேங்காய் அரைபடுவது கீழே, சட்னித் தூக்கு கழுவிக் கவிழ்த்திருப்பது மாளாவில், ஆகவே சட்னி எந்தத் தளத்துக்குரியது என்பதை ஆணையம் அரசாணையாகத் தெரிவித்தருள வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் முறை எப்போது வருமென்று தெரியாத
தாராவி மாளாவாசிகள்