எல்லாம் குழந்தைக்காக

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டினால் இவரைப் பார்க்காமல் போக முடியாது. மாம்பலத்திலோ திருவல்லிக்கேணியிலோ பிறந்து வளர்ந்து, பிள்ளைக்கு நாலு வயதானதும் படூர், தையூர் பக்கம் ஃபிளாட் வாங்கிக் குடிவந்தவர். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்பதற்குள் "எல்லாம் குழந்தைக்காகத்தான் சார்" என்பார். இருபது வருஷ இ.எம்.ஐ.க்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதே அந்த நாலு வயதுதான் என்று நமக்குத் தோன்றும். இந்த வாதத்தில் குழந்தை பாவம், சாட்சி மட்டுமே; வாதி அப்பாதான்.

முதலில் திறந்தவெளி. கேளம்பாக்கத்து உப்பளம் பதினாலாவது மாடியிலிருந்து நன்றாகத்தான் தெரிகிறது, புறா வலையின் கட்டங்கள் வழியாக. கீழே ரப்பர் தரை போட்ட விளையாட்டிடம். அதன் வாசலில் 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை. திருவல்லிக்கேணிச் சந்தில் ஆறு வயதுப் பையன் கையில் காசோடு தனியே போய்க் கொத்தமல்லிக் கட்டு வாங்கி வருவான், மீதிச் சில்லறையில் கமர்கட்டும். இங்கே அண்ணாச்சி கடைக்கும் கேட்டுக்கும் நடுவே ஓடுகிற சாலையைத் தாண்டப் பெரியவர்களே சாமியை வேண்டிக்கொள்கிறார்கள். ஆகவே குழந்தை வேனில் போகிறது, காரில் வருகிறது, லிஃப்டில் ஏறுகிறது. தண்ணீர்க் கதை இன்னும் விசேஷம். பக்கத்து நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் இயங்குகிறது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் இன்னொன்று, 15 கோடி. அந்தத் தண்ணீர் குழாய் வழியே, இவர் வேண்டாமென்று விட்டுவந்த சென்னைக்குப் போகிறது. இவர் லாரி எப்போது வரும் என்று வாட்ஸ்அப்பில் விசாரிக்கிறார்.

மாம்பலத்தில் இந்த விலைக்குக் குளியலறைகூட வராதே என்பீர்கள். மறுக்கவில்லை. ஆனால் அது பணக்கணக்கு, கௌரவமான கணக்கு. அதற்குப் போய்க் குழந்தையின் பெயரைக் கடன் வாங்குவானேன்? சரி, 1976இல் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணையும், முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவும், யுனெஸ்கோ 1984இல் பட்டியலில் சேர்த்த மாமல்லபுரமும் எந்த நகரத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும்? நியாயமான கேள்விதான். கிடைக்கிறது, உறவினர் வரும்போதெல்லாம். ஒவ்வொரு சித்தப்பாவுக்கும் ஒருமுறை வெண்ணெய்த் திரள் பாறையைத் தள்ளுவதுபோல் நின்று குழந்தை போட்டோ எடுத்துக்கொள்கிறது. யாரும் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் மாம்பலத்துப் பாட்டி வீட்டுக்குப் புறப்பட்டுவிடும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான செய்தி இவர் ஆதாரை இன்னும் எட்டவில்லை. அதில் மாம்பலத்து விலாசம்தான்.

குழந்தை சந்தோஷமாகத்தானே இருக்கிறது என்றால், ஆமாம், அது மட்டும்தான் இங்கே குடியேறியிருக்கிறது. லாரி டிரைவரின் பெயர் அதற்குத் தெரியும். தெருநாய்கள் எல்லாவற்றுக்கும் அதுவே பெயர் வைத்திருக்கிறது. அது வேர்விட்டு எட்டாம் வகுப்புக்கு வரும் நேரத்தில் அப்பாவுக்கு ஞானம் பிறக்கும்: நல்ல கோச்சிங் சிட்டியில்தான் இருக்கிறதாம். தி. நகர்ப் பக்கம் வாடகை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். கார் நிறுத்த இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம்.